மற்றவன் பதிவில் என் குரல்

எங்கள் வீட்டுக்கு பிராட்பேண்ட் வந்தபோது நான் கல்லூரியில் மூன்றாம் வருடம். இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி வீடு. அப்பாவுக்குத் திருச்சியில் வங்கி வேலை. சனிக்கிழமை வருவார், ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிவிடுவார். அம்மா பெருங்களத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். ஸ்கூட்டியில் போய்வருவாள். வார நாட்களில் வீட்டில் நானும் அம்மாவும்தான்.

பிராட்பேண்ட் வந்தது படிப்புக்கு என்று அப்பாவிடம் சொல்லியிருந்தேன். வந்தது ஆட்டத்துக்கு. அதுவரை பீர்க்கன்கரணையில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ஆடிக்கொண்டிருந்தேன். ஐந்து பேர் ஒரு பக்கம், ஐந்து பேர் எதிர்ப்பக்கம், துப்பாக்கியால் சுட்டுத் தீர்க்க வேண்டும். ஒரு சுற்று இரண்டு நிமிடம்கூட நீடிக்காது. செத்தவன் அடுத்த சுற்று வரைக்கும் சும்மா உட்கார்ந்து, உயிரோடிருக்கும் கூட்டாளியின் கண் வழியாக ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். கூட்டாளி மைக்கில் பேசுவதைக் கேட்கலாம். ஆனால் செத்தவன் பேசினால், சுற்று முடியும்வரை உயிரோடிருப்பவனுக்குக் கேட்காது. உட்கார்ந்த இடத்திலிருந்து துப்புக் கொடுத்துவிடக்கூடாது என்பதற்காக வைத்த விதி அது.

நாங்கள் ஐந்து பேரும் தாம்பரத்தைச் சுற்றியுள்ளவர்கள். கோவிலம்பாக்கத்துக்காரன் எனக்கு மிகவும் நெருக்கம். பள்ளியிலிருந்தே ஒன்றாகப் படித்தவன். பெருங்களத்தூர்க்காரன் ஒருவன் வீடியோ வெட்டி ஒட்டுவதில் கில்லாடி. மற்ற இருவரையும் நான் அவ்வளவாக நேரில்கூடப் பார்த்ததில்லை. அவரவர் வீட்டில் அவரவர் கணினி முன்னால் உட்கார்ந்து, மைக்கில் பேசிக்கொண்டு ஆடுவோம்.

என்னுடைய மைக் ரிச்சி தெருவில் வாங்கியது. மேசைமேல் நிற்கும் நீளக் கழுத்து மைக். மலிவு சரக்கு. என் குரலை விட வீட்டுச் சத்தத்தைத்தான் நன்றாகப் பிடிக்கும். "மூணு விசில் வந்துடுச்சு மச்சான், அடுப்பை நிறுத்தச் சொல்லு" என்று கோவிலம்பாக்கத்துக்காரன் அங்கிருந்து கிண்டல் செய்வான். எனக்கு அந்த விசில் கேட்டிருக்காது. காதை முழுதாக மூடும் ஹெட்போன் போட்டிருப்பேன். எதிரியின் காலடிச் சத்தம் எந்தச் சுவருக்குப் பின்னால் வருகிறது என்பதுவரை அதில் தெரியும்.

அந்த டிசம்பரில் கல்லூரி மாணவர்களுக்கென்று இணையத்தில் ஒரு போட்டி நடந்தது. ஆடுகிற ஒவ்வொருவரும் தன் ஆட்டத்தைப் பதிவு செய்து வைத்திருக்க வேண்டும் என்பது போட்டியின் நிபந்தனை. யாராவது ஏமாற்று மென்பொருள் போட்டு ஆடியதாகப் புகார் வந்தால், அந்தக் கோப்பைத் திரும்ப ஓட்டிப் பார்த்து முடிவு செய்வார்கள். வீடியோ மாதிரி இல்லை அது. ஆட்டத்துக்குள்ளேயே ஓடும், யார் எங்கே நின்றான், எங்கே பார்த்தான், என்ன கேட்டான் எல்லாம் அப்படியே திரும்ப நடக்கும். ஒன்றே ஒன்று மட்டும் இருக்காது. நாம் மைக்கில் பேசியது நம் கோப்பில் பதிவாகாது. கூட ஆடியவனின் கோப்பில்தான் இருக்கும்.

அரையிறுதி ஆட்டம் ஒரு வார நாள் மதியம். அரைப் பரீட்சை லீவு, அம்மா வீட்டில் இருந்தாள். விடாமல் பெய்த மழை அன்றைக்குத்தான் விட்டிருந்தது.

ஆட்டம் சமமாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு சுற்றில் எங்கள் பக்கம் நால்வரும் செத்துப்போனார்கள். நான் ஒருவன், எதிரில் மூன்று பேர். அந்தச் சுற்றை நான் ஜெயித்தேன். எப்படி என்று இப்போதும் சொல்ல முடியும்: ஒருவனைக் கதவிடுக்கில், ஒருவனைப் பெட்டிக்குப் பின்னால், கடைசி ஆளைத் திரும்புகிற வேகத்தில். ஹெட்போனில் நான்கு பேரும் கத்திய கத்தலில் காது அடைத்துவிட்டது. அதன்பின் இன்னும் சில சுற்றுகள் ஆடினோம்.

தோளில் ஒரு கை விழுந்தது. திரும்பினால் பின்வீட்டு அக்கா. புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது.

"இன்னா தம்பி நீ! உங்க டேங்க்குல தண்ணி ஊத்திகினே கீது, யாருமே நிறுத்தலியேன்னு வந்து பாத்தா அம்மா கீழ வுழுந்து கெடக்குது. ஓடியா!"

கொல்லையில், மோட்டர் ஸ்விட்ச் இருக்கும் சுவருக்கு அருகே, பாசியில் வழுக்கி அம்மா விழுந்திருந்தாள். மேலேயிருந்து டேங்க் தண்ணீர் அவள் பக்கத்திலேயே கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு காலை நகர்த்த முடியவில்லை. என்னைப் பார்த்ததும், "மொதல்ல மோட்டரை நிறுத்துடா" என்றாள்.

அக்காவும் நானும் ஆட்டோவில் அவளைப் படுக்கவைத்துக் கொண்டுபோனோம். தொடை எலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் முறிந்திருந்தது. அறுவை சிகிச்சை செய்து தகடு வைத்தார்கள். அப்பா திருச்சியிலிருந்து அடித்துப் பிடித்து வந்தார். வந்தவர்களுக்கெல்லாம் அம்மா ஒரே கதையைத்தான் சொன்னாள்.

"விழுந்ததும் மயக்கம் வந்துடுச்சு. கூப்பிடக்கூட முடியல. புள்ள உள்ளதான் இருந்தான், அவனுக்கு எப்படித் தெரியும்?"

அப்பா என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். பின்வீட்டு அக்கா மட்டும் ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தாள். நான் அம்மாவின் கதையை எடுத்துக்கொண்டேன். அவ்வளவு வசதியாக இருந்தது அது.

இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது: ஆஸ்பத்திரி வராந்தாவில், மருந்துச் சீட்டோடு வரிசையில் நிற்கும்போது என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது அந்தச் சுற்றுதான். கதவிடுக்கு, பெட்டி, திரும்பியது. அம்மா வீட்டுக்கு வந்து, வாக்கர் பிடித்து நடக்கப் பழகியதும் முதல் வேலையாக என் பதிவை ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் இருந்தது, என் குரல் மட்டும் இல்லை. நான் மைக்கில் விடாமல் பேசிக்கொண்டே ஆடியதாக ஞாபகம். செத்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்த நால்வருக்கும் சவடால் விட்டுச் சொல்லிச் சொல்லி அடித்திருக்கிறேன். அதைக் கேட்க வேண்டும் என்று ஆசை.

கோவிலம்பாக்கத்துக்காரனிடம் அவன் பதிவைக் கேட்டேன்.

"அது கரப்ட் ஆயிடுச்சு மச்சான்."

மறுபடி கேட்டபோது, டிஸ்க்கை ஃபார்மட் செய்துவிட்டதாகச் சொன்னான். முன்பு கரப்ட் என்றாயே என்றேன். "ரெண்டும்தான்" என்றான். அவனுக்குப் பொய் சொல்ல வராது.

பொங்கல் கழிந்து ஒருநாள் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் காபி வாங்கிவர உள்ளே போன நேரத்தில் கணினியைத் திறந்தேன். கோப்பு இருந்தது. பெயர்கூட மாற்றியிருக்கவில்லை. ஓட்டிவிட்டு, அந்தச் சுற்றுவரை வேகமாகத் தள்ளினேன். இரண்டு டம்ளரோடு வந்தவன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

"வேணாம் மச்சான். போடாத."

"ஏன்டா?"

அவன் பதில் சொல்வதற்குள் ஸ்பீக்கரில் என் குரல் வந்துவிட்டது.

"மூணு பேருடா. எல்லாரும் பாத்துக்கோங்க." என் குரல்தான், கொஞ்சம் தகரமாக. அதன் பின்னால், தூரத்தில், அம்மா: "டேய், டேங்க் வழியுது பாரு. மோட்டரை நிறுத்து."

நான்: "தோ போறேம்மா."

மைக் விசையை அழுத்தியிருக்கும்வரைதான் குரல் போகும், விட்டால் அமைதி. அந்த அமைதியில் துப்பாக்கிச் சத்தம் மட்டும். முதல் ஆள் விழுந்தான். மறுபடி என் குரல், "ஒண்ணு காலி." பின்னால் ஒன்றுமில்லை. இரண்டாவது ஆள் விழுந்தான். "ரெண்டு." இப்போது பின்னால் ஒரு குரல், மெலிந்து, இழுத்து: "தம்பீ... டேய் தம்பி, இங்க வாடா..."

நான் எரிச்சலோடு: "வர்றேன்னு சொல்றேன்ல!"

அடுத்த மூச்சிலேயே, "கடைசி ஒருத்தன், இப்ப பாருங்க" என்றேன். அவனையும் சுட்டேன். கத்தல்.

நான் நிறுத்தப் போனேன். கோவிலம்பாக்கத்துக்காரன் டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டு வந்து என் கையைப் பிடித்தான். "இவ்வளவு கேட்டுட்ட. மிச்சத்தையும் கேட்டுடு" என்றான்.

அடுத்த சுற்றின் தொடக்கத்தில் அவன் என்னிடம் ஏதோ பேசியிருக்கிறான். அவன் பேசியது அவன் பதிவில் இருக்காது என்பதால் எனக்குப் பதில் மட்டும்தான் கேட்டது. என் குரல் சொன்னது: "தெரியும்டா. டேங்க் வழியுதுன்னு கூப்பிடறாங்க. நீ ஆட்டத்தைப் பாரு."

அவனே சொன்னான், அப்போது என்ன கேட்டான் என்று. "உங்க அம்மா கூப்பிடறாங்கடா, குரல் ஒரு மாதிரி இருக்குன்னு சொன்னேன். அதுக்கு முன்னாடி, செத்துக் கெடக்கும்போதே கத்தினேன். உனக்குக் கேக்காதுன்னு தெரியும், அப்பவும் கத்தினேன். செல்லுக்கு அடிச்சேன், நீ எடுக்கல."

செல் சமையலறையில் சார்ஜில் இருந்தது.

"நீ தெரியும்னு சொன்னியா, சரின்னு விட்டுட்டேன். நானும் ஆடினேன் மச்சான்." அவன் கண் கலங்கிவிட்டது. "இன்னொரு தடவை அழுத்திச் சொல்லியிருக்கணும். சொல்லல. ஜெயிச்சிட்டு இருந்தோம்ல."

காபி ஆறிப்போனது. பென் டிரைவில் அந்தக் கோப்பைக் காப்பி செய்துகொண்டு கிளம்பினேன். எதற்குக் காப்பி செய்தேன் என்று தெரியவில்லை. மேடவாக்கத்தைத் தாண்டி ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து வரும்போது, இதையெல்லாம் நான் பேசியதாகவே ஞாபகம் இல்லையே என்று திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டேன். நிஜமாகவே இல்லை. "தெரியும்டா" என்று சொன்னவன் நான்தான். என்ன தெரிந்தது எனக்கு?

அதன்பின் கொஞ்ச நாள் அம்மாவை நான் பாடாய்ப் படுத்தினேன். அவள் தண்ணீர் கேட்பதற்குள் கொண்டுபோய் நிற்பேன். வாக்கரை எடுத்தால் பின்னாலேயே நடப்பேன். கொல்லையில் பாசியைச் சுரண்டி, பிளீச்சிங் பவுடர் போட்டு, மறுநாளும் சுரண்டினேன். கணினியைத் தொடுவதில்லை. பிஸியோதெரபி செய்ய வந்தவர் "நல்ல பையன் மேடம் உங்களுக்கு" என்று சொன்னபோது அறையை விட்டு வெளியே போய்விட்டேன்.

ஒரு காலையில் அம்மா கட்டிலில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். பள்ளியிலிருந்து வீட்டுக்கே கொடுத்தனுப்பியிருந்தார்கள். "என்னடா ஆச்சு உனக்கு? பேய் அடிச்ச மாதிரி சுத்திச் சுத்தி வர" என்றாள்.

சொல்லிவிட்டேன். கோப்பு, மைக், "தோ போறேம்மா", "வர்றேன்னு சொல்றேன்ல", "தெரியும்டா", எல்லாம். அம்மா சிவப்புப் பேனாவை மூடினாள்.

"இப்பதான் தெரியுமா உனக்கு?"

"ஆமாம்மா."

"நான் கூப்பிட்டது, நீ பதில் சொன்னது, எதுவுமே ஞாபகம் இல்லியா?"

"இல்லம்மா. சத்தியமா."

அவள் என் முகத்தையே பார்த்தாள். பரீட்சை ஹாலில் பார்க்கிற பார்வை. பிறகு சொன்னாள்:

"உனக்குத் தெரியும்னுதான்டா நான் நெனச்சுகிட்டு இருந்தேன். நீ வாயத் தொறந்து பதில் சொன்ன. என் காதுல விழுந்துச்சு. அப்பாகிட்ட சொன்னா உன்ன என்ன பண்ணுவாரோன்னு பயம். அந்த நேரத்துல ஒரு சண்டையைத் தாங்க எனக்குத் தெம்பில்ல. அதான் மயக்கம்னு சொன்னேன். சொன்னப்போ நீ தலையைக் குனிவ, ரெண்டு நாள் கழிச்சு தனியா வந்து சொல்லுவன்னு பாத்தேன். நீ பாட்டுக்கு, ஆமா ஆமா மயக்கம்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருந்த."

நான் நிம்மதியாக இருந்த அந்த நாட்களில் அவள் பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு என்னை அப்படிப் பார்த்திருக்கிறாள். உணவு ஊட்டும்போது, பெட் பேன் எடுக்கும்போது, தெரிந்தும் நடிக்கிற பிள்ளை என்று.

"நிஜமா தெரியாதும்மா" என்றேன் மறுபடி.

"சரி. அத எனக்குப் போட்டுக் காட்டு."

வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். வாக்கரைப் பிடித்துக்கொண்டு அவளே எழுந்துவிட்டாள். கணினி முன்னால் தலையணை வைத்து உட்காரவைத்தேன். ஹெட்போன் வேண்டாம், ஸ்பீக்கரில் போடு என்றாள். ஓட்டினேன்.

திரையில் துப்பாக்கி முன்னே நீட்டிக்கொண்டு ஓடியது. அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள். தன் குரல் வந்தபோது அவள் முகம் மாறவில்லை. "தம்பீ" என்ற குரல் வந்தபோது மட்டும், தொடைமேல் இருந்த கை தானாக அசைந்து இடுப்புக்குப் போனது. கடைசி ஆள் விழுந்து, என் சத்தம் வந்து, "தெரியும்டா" வந்து, நான் நிறுத்தினேன்.

"இன்னொரு தடவை போடு."

போட்டேன்.

"விழுந்துட்டேன்னு சொன்னேனே. தெளிவா சொன்னேன். அது எங்க?"

"அப்ப நான் விசையை விட்டிருப்பேம்மா. அது இதுல விழல."

"இதுல இல்லன்னா நான் சொல்லலன்னு ஆயிடுமா?"

"இல்லம்மா."

"நீ கேக்கலன்னு ஆயிடுமா?"

அதற்கும் இல்லை என்றேன். இல்லை என்று சொன்னது எந்த அர்த்தத்தில் என்று எனக்கே தெரியாது. அந்தக் கோப்பை எத்தனை தடவை ஓட்டினாலும் நான் என்ன பேசினேன், எங்கே பார்த்தேன், யாரைச் சுட்டேன் எல்லாம் சொல்லும். என் காதில் விழுந்தது மண்டைக்குள் போனதா இல்லையா என்பதைச் சொல்லாது. அம்மாவிடம் நான் நிரூபிக்க நினைத்தது அது ஒன்றைத்தான்.

கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "அந்தப் பையன்தான் போன் பண்ணானா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா."

"அடிச்சுகிட்டே இருந்துச்சு. போனை எடுக்கவாவது எழுந்து வருவன்னு நெனச்சேன்." பிறகு, "அவன ஒருநாள் சாப்பிட வரச் சொல்லு. பாவம், அவனும் மனசுல வெச்சுகிட்டு இருந்திருக்கான்" என்றாள்.

என்னைப் பாவம் என்று சொல்லவில்லை. திட்டவும் இல்லை. அப்பாவிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். "அது உனக்கும் எனக்கும் நடுவுல" என்றாள். வாக்கரை இழுத்துக்கொண்டு விடைத்தாள்களுக்குத் திரும்பிப் போனாள். அன்றைக்கு மதியம் சாப்பாட்டுத் தட்டை நான் எடுக்கப் போனபோது, "நானே எடுத்துக்கறேன், விடு" என்றாள். அந்தக் குரலில் கோபம் இருந்தது. பல நாட்கள் இருந்தது. பிறகு ஒருநாள், எப்போது என்று சொல்லத் தெரியவில்லை, வழக்கமான அதட்டலாக மாறியிருந்தது.

கோவிலம்பாக்கத்துக்காரன் வந்து சாப்பிட்டான். அம்மா அவனுக்கு இரண்டாம் முறை வத்தக்குழம்பு ஊற்றிவிட்டு, "நீ கத்தினியாமே" என்றாள். அவன் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினான். ஜூனில் பள்ளி திறந்தபோது அம்மா கைத்தடியோடு வேலைக்குப் போனாள். ஸ்கூட்டியை விற்றுவிட்டோம். ஒரு கால் சற்றுக் குட்டையாகிவிட்டதால் செருப்பின் அடியில் ஒரு பட்டை ஒட்டிக்கொண்டாள்.

நான் அணியில் ஆடுவதை நிறுத்திவிட்டேன். காரணம் கேட்டவர்களிடம் படிப்பு என்றேன். கடைசி வருடம், வேலைக்கான தேர்வுகளும் ஆரம்பித்திருந்தன, நம்பினார்கள்.

அந்த வருடம் நடுவில் பெருங்களத்தூர்க்காரன் ஒரு வீடியோ செய்து இணையத்தில் போட்டான். எங்கள் அணியின் சிறந்த சுற்றுகளைத் தொகுத்து, அடித்துக் கிளப்புகிற ஒரு இசையைப் பின்னால் போட்டிருந்தான். கடைசியில், மெதுவாக்கி, இரண்டு கோணத்தில் காட்டியிருந்தது என்னுடைய அந்தச் சுற்று. அவனும் அன்றைக்குச் செத்துப்போய்ப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அவனிடமும் பதிவு இருந்திருக்கிறது. அதை நான் யோசித்ததே இல்லை. வீடியோ பரவியது. முகம் தெரியாதவர்களெல்லாம் பாராட்டி எழுதினார்கள். கல்லூரி கேண்டீனில் முதல் வருடப் பையன்கள் இருவர் வந்து, "அண்ணா, அது நீங்கதானா? செம கேம்ணா" என்று கை கொடுத்தார்கள். நான் கை கொடுத்தேன். தேங்க்ஸ் என்றேன்.

பெருங்களத்தூர்க்காரனைப் பிறகு தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் பார்த்தேன். அவனுக்கு என்ன தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. பயத்தோடுதான் கேட்டேன்.

"அந்த ரவுண்டுல என் வாய்ஸ் இருந்துச்சா மச்சான்?"

"இருந்துச்சு. கட் பண்ணிட்டேன். பின்னாடி ஒரே இரைச்சல் மச்சான், ஒண்ணும் புரியல. நல்ல மைக் வாங்கித் தொலைடா" என்று சிரித்தான்.

சரி என்றேன். அவனுக்கு ரயில் வந்துவிட்டது.